உள்ளேயே நின்றுவிட்ட பட்டன்

மாப்ளே,

உன் வண்டியின் ஸ்டார்ட்டர் பட்டன் என் சட்டைப் பையில் கிடக்கிறது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய சிவப்பு பிளாஸ்டிக், அவ்வளவுதான். அதில் ஒட்டியிருக்கும் களிமண்ணை நான் கழுவவில்லை. குனியும்போதெல்லாம் அந்தக் காய்ந்த சேற்று வாசனை மூக்கில் ஏறுகிறது.

போன வாரம் உன் பெண்டாட்டி, எனக்குத் தங்கச்சி முறை, போன் செய்தாள். "அண்ணே, வண்டியை ஒருத்தவங்க விலைக்குக் கேக்குறாங்க. ஓடுதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. இனிமே அது என் கண்ணு முன்னாடி நிக்க வேணாம்ணே." நீ போன அன்றைக்கு ஆற்றங்கரையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து மாட்டுக் கொட்டகையில் நிறுத்தியதோடு சரி. இரண்டு வருஷமாய் அதை யாரும் தொடவில்லை.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று உனக்குத் தெரியாது. நீ போன பிறகு ஊர் பேசிய பேச்சு அப்படி. சம்பாப் பயிர் தண்ணீரில் மூழ்கிய வருஷம் அது. உன் வண்டி வெண்ணாற்றுச் சரிவில் காட்டாமணக்குப் புதரில் மாட்டி நின்றது, ஹேண்டில்பாரில் தண்ணீர்கூடப் படவில்லை. சாவி ஆனில் இருந்தது, பேட்டரி செத்திருந்தது. உன்னை மட்டும் ஆறு கொண்டுபோய்விட்டது. நீந்தத் தெரிந்தவன் எப்படி முழுகுவான், அவனாகத்தான் இறங்கியிருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். அதோடு விட்டார்களா? காலையில் பெண்டாட்டி என்ன சொன்னாளோ என்று உன் அக்காளே வாசலில் நின்று கேட்டாள். அன்று முழுக்க நீ செத்த பயிருக்குப் பதிலாக நாற்று ஊன்றிக்கொண்டிருந்தாய். சாகப் போகிறவன் எதற்கடா நாற்று ஊன்றுகிறான் என்று நான் கத்தினேன். யார் காதிலும் ஏறவில்லை.

நீடாமங்கலம் ரயில்வே கேட் ஞாபகம் இருக்கிறதா? உர மூட்டையோடு நின்றோம். கேட் திறந்ததும் பட்டனை அழுத்துகிறாய், மூச்சில்லை. ஹாரன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது, ஸ்டார்ட்டர் மட்டும் பேசமாட்டேன் என்கிறது. கிக்கர் எப்போதோ வழுக்கிப் போயிருந்தது. பின்னால் பஸ்காரன் நம் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். மறுநாள் நீயே பிரித்துப் பார்த்தாய். கிளட்ச்சைப் பிடித்தால்தான் பட்டன் வேலை செய்யும் என்று கைப்பிடிக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு, அது போயிருந்தது. புதிதாய் வாங்கிப் போட்டாயா? இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினாய். "இனிமே கிளட்ச்சப் புடிக்காமலே எடுக்கும் மாப்ளே, பாரு!" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

இன்னொன்றும் உண்டு. வரப்பிலிருந்து ஏறி வந்து சேற்றுக் கையோடே பட்டனை அழுத்துவாய். எடுக்கவில்லை என்றான பிறகுதான் சாவி போடவில்லை என்பதே உனக்கு நினைவு வரும். கையைக் கழுவிவிட்டுத் தொடேன்டா என்றால், "கழுவுனா மட்டும் மறுபடி சேறாவாதா?" என்பாய்.

கொட்டகையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். பேட்டரி அடியோடு செத்திருந்தது. என் வண்டிப் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். தங்கச்சி வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றாள். வண்டியின் இடது பக்கம் நின்றபடியே சாவியைத் திருப்பினேன். பட்டனைத் தொடவே இல்லை.

வண்டி பாய்ந்தது.

ஸ்டாண்டைத் தட்டிக்கொண்டு முன்னே போய்ச் சுவரில் முட்டியது. ஹேண்டில் என் நெஞ்சில் இடித்ததில் மூச்சு நின்றுவிட்டது. வாயைத் திறக்கிறேன், காற்று உள்ளே போகவில்லை. டேங்கில் சொட்டுப் பெட்ரோல் கிடையாது, இஞ்சின் ஓடவில்லை. வெறும் ஸ்டார்ட்டர் மோட்டார் மட்டும் ஊளையிட்டுக்கொண்டு சுவரை முட்டி முட்டித் தள்ளுகிறது. எட்டிச் சாவியை அணைத்த பிறகுதான் அடங்கியது. அந்த இடத்தில் சுவர் இருந்தது, நான் இருக்கிறேன்.

சுவிட்ச் பெட்டியைத் திறந்தேன். பட்டன் உள்ளே அழுந்தியபடியே நின்றது. ஸ்பிரிங்கைச் சுற்றிக் களிமண் கல்லாய் இறுகியிருந்தது, அதற்குள் ஒரு நாற்று வேர். கியரைப் பார்த்தேன், ஃபர்ஸ்ட். அதைப் பாயவிடாமல் தடுத்திருக்க வேண்டிய கிளட்ச் சுவிட்சைத்தான் நீ முறுக்கிவிட்டாயே. சரிவில் நிறுத்தினால் உருளக் கூடாதென்று கியரில் போட்டு நிறுத்துவது நம் ஊர் வழக்கம்தானே. தள்ளி வந்தவர்களும் கொட்டகைச் சாய்வில் அப்படியே செய்திருக்கிறார்கள். அன்று நீயும் ஆற்றைப் பார்த்து அப்படித்தான் நிறுத்தியிருப்பாய். சேற்றுக் கையோடு பட்டனை அழுத்தியிருப்பாய். எடுக்கவில்லை. பட்டன் உள்ளேயே தங்கிவிட்டது. அப்புறம் சாவி நினைவு வந்திருக்கும். திருப்பியதும் வண்டி உன்னை இடித்து இழுத்துக்கொண்டு சரிவில் பாய்ந்திருக்கும்.

நெஞ்சில் இடி வாங்கியவன் எப்படி நீந்துவான்? புதரில் மாட்டிய வண்டி பேட்டரி தீரும்வரை ஊளையிட்டிருக்கும். பேட்டரி ஏன் செத்தது என்று அன்றைக்கு ஒருத்தராவது கேட்டிருக்கலாம்.

தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அந்த நாற்று வேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அவங்களா போவல இல்லண்ணே?" என்றாள்.

"போவலம்மா. இழுத்துட்டுப் போயிருக்கு."

இரண்டு வருஷத்து அழுகையையும் அந்தக் கொட்டகையிலேயே அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என் நாத்தனாருகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்றாள். சொன்னோம். உன் அக்காள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வண்டியை விற்கவில்லை. அதை இன்னொருவன் ஓட்டுவதைத் தங்கச்சியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இப்போது மறுபடியும் சம்பா நடவு. ஆறு கரை தொட்டு ஓடுகிறது. கரையில் ஆற்றைப் பார்த்தபடி வரிசையாக வண்டிகள், எல்லாம் ஃபர்ஸ்ட் கியரில், எல்லாவற்றிலும் சாவி தொங்குகிறது. கிளட்ச் ஒயரைப் பற்றிக் கேட்டால், "எல்லாரும் முறுக்கித்தாண்ணே வச்சிருக்கோம்" என்று சிரிக்கிறார்கள், நீ சிரித்த மாதிரியே. அதனால் தினமும் கையைக் கழுவிக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகப் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்கிறார்கள், பிடிக்கட்டும்.

நேற்று ஒரு பட்டன் திரும்பி வெளியே வரவில்லை. அந்தச் சாவியை உருவி, உன் பட்டன் கிடக்கிற பையிலேயே போட்டுக்கொண்டேன். யாருடைய வண்டி என்று தெரியவில்லை. வயலில் குனிந்திருந்தவர்களில் ஒருவன் சேற்றுக் கையோடு ஏறி வரும்வரை, வண்டிக்கும் ஆற்றுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.