நுரைக்காத கல்

ஓமன்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு ஃபஹ்மிதா ஸலாம் சொல்லி எழுதுவது.

பாலைவனத்தில் நான் சுகம். மாமிக்குக் கால் வீக்கம் வற்றியதா? போனில் நாம் சாப்பாட்டை விசாரித்தே பேச்சை முடித்துவிடுகிறோம். அதனால் இதை எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

"கல்லுக்குள்ள எண்ணெய் எப்படிப் புள்ள நிக்கும்?" என்று போன வாரம் கேட்டீர்கள். தாழையூத்தில் சுண்ணாம்புக்கல் பார்த்திருப்பீர்களே, இங்கே பூமிக்கடியில் இருப்பதும் சுண்ணாம்புக்கல்தான். ஒரு காலத்தில் கடலடி. வெயிலில் சுண்டி உப்பேறிய கடல்நீர் அதற்குள் இறங்கும்போது, கல்லிலுள்ள கால்சியத்தில் ஒரு பங்கு வெளியேறி, மெக்னீசியம் அந்த இடத்துக்கு வந்துவிடும். கல் டோலமைட்டாக மாறிவிடும். புதிய படிகங்களுக்குக் குறைந்த இடமே போதும். மிச்சமாகும் இடைவெளிகளில்தான் எண்ணெய் நிற்கிறது.

எங்கள் எண்ணெய்க் கிணற்றில் தோண்டத் தோண்ட இறுகிய கல்லே வந்தது. மூடிவிடலாம் என்றார் மேலதிகாரி. கடல் வற்றிய படுகை இன்னும் கீழே இருக்கிறது, கொஞ்சம் இறக்கிப் பாருங்கள் என்று கூட்டத்தில் நான் மட்டும் சொன்னேன். இறக்கினார்கள். வந்த கல்லில் அமிலம் விட்டேன். சுண்ணாம்புக்கல் என்றால் பொங்கி நுரைக்கும். இது பெயருக்கு ஒரு குமிழி விட்டதோடு சரி. உடைத்தால் உள்ளே சீனி போலப் படிகம், விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. கை கழுவாமலே உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் மாமியோடு ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள், எடுக்கவில்லை. சந்தோஷத்தைச் சொல்ல ஆளில்லாமல் அறைக்குப் போய் அழுதேன்.

இப்போது இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். டோலமைட் அளவு மீறி வளர்ந்தால் அதே இடைவெளிகளை அடைத்தும்விடும். கிணற்றுக்குக் கிணறு ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பெருமைதான். ஆனால் பொழுது சாய்ந்தால், கொக்கிரகுளம் பாலத்தில் உங்கள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது முகத்தில் படும் ஆற்றுக்காற்றுக்கு மனசு அலைகிறது. "மருமவ எப்பலே வருவா?" என்று மாமி கேட்டதும், நீங்கள் பேச்சை மாற்றியதும் போனில் எனக்குக் கேட்டது.

வியாழக்கிழமை பதில் சொல்ல வேண்டும். "உன் விருப்பம் புள்ள, நான் சமாளிச்சுக்கிடுதேன்" என்பீர்கள். நான் மேலே படித்தபோதும், இங்கே புறப்பட்டபோதும் அதையேதான் சொன்னீர்கள். அந்த மனசுக்கு அல்லாஹ் உங்களுக்கு எல்லா பரக்கத்தும் தரட்டும். இந்த ஒரு தடவை மட்டும் அப்படிச் சொல்லாதீர்கள் மச்சான். நான் வருவதும் இருப்பதும் பிறகு. என்னைக் காணாமல் மனசு தேடுகிறது என்று உங்கள் வாயால் ஒருமுறை சொல்லுங்கள்.

துஆவுடன்,
உங்கள் ஃபஹ்மிதா