எதிர்ப் பலகையில் மணல் மூட்டை

என் மனைவிக்கு,

நீ காட்டுமன்னார்கோயிலில் உள்ள உன் அண்ணன் வீட்டுக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. வருத்தம் தெரிவிக்க இதை எழுதவில்லை. இருபது வருடமாக நீ கேட்ட பிச்சாவரத்துக்கு நேற்று தனியாகப் போய்வந்தேன்.

"ஒரே ஆளா சார்? படகு சாஞ்சிடும்" என்ற படகுக்காரர், எதிர்ப் பலகையில் ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வைத்தார். "இது எதுத்துப் பேசாது சார், நிம்மதியா வாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

முகத்துவாரத்தில் இறங்கி, கடற்கரையில் ஒரு மணி நேரம் வெயிலில் நடந்தேன். "இந்தாளுக்குப் படியேறுனாலே மூச்சு வாங்கும்" என்று எல்லோர் முன்பும் சொன்ன உன் அண்ணனிடம் இதைச் சொல்.

அவர் கூட வருகிறார் என்றுதான் காணும் பொங்கலன்று நம் பிச்சாவரப் பயணத்தை நிறுத்தினேன். மறுநாளே நீ பையை எடுத்துக்கொண்டு போனாய். நிறுத்தியது தவறென்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

திரும்பும்போது சுரபுன்னை வேர்களுக்கு நடுவே நீர்நாய் ஒன்று குட்டியோடு மீன் தின்றது. "அங்க பாரு" என்று கைநீட்டிவிட்டேன். எதிரே மூட்டைதான் இருந்தது. படகுக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு மறுபடி போகிறேன். உன் அண்ணனே வந்தாலும் நிறுத்த மாட்டேன். மூட்டை வேண்டாமென்று படகுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

கோபம் குறையாத,
உன் கணவன்