கூரையில் நேர்கோடுகள்

லிமனோவா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு, விட்டெக் எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சுகம். காருக்குத்தான் உடம்பு சரியில்லை. கொன்டெக் மாமா உங்களுக்குப் போன் செய்து பாதி சொல்லிவிட்டார் என்று தெரியும். மீதியை நான் சொல்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவீர்கள். நெஞ்சைத் திறந்து தைத்த மனுஷன் கத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்தக் காகிதத்தைப் பார்த்து எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது. அதனால் வீணாகக் கத்தாமல், உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் உடம்பு தேற்றிக்கொள்ளும் நவென்ச்சூவ் சானடோரியத்தில் சாயங்காலம் சாயங்காலம் நடனமாமே? எதிர்வீட்டு ஆட்கள் அம்மாவைச் சீண்டிப் பார்த்தார்கள். அவளோ, 'ஆடட்டுமே, டாக்டர் நடக்கத்தானே சொல்லியிருக்கார். கல்யாணத்துல என் காலை மிதிச்ச ஆளு, இனி ஊரார் காலை மிதிக்கட்டும்' என்று சொல்லிவிட்டு முட்டைக்கோஸ் நறுக்கப் போய்விட்டாள்.

இனி ஷோரூம் விவகாரம். வருட சர்வீஸுக்கு விடும்போது நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன்: ஆயில் மாற்றுங்கள், பிரேக் பாருங்கள், கழுவாதீர்கள். வாயால் சொன்னது போதாதென்று ஸ்டீயரிங்கில் அட்டையும் கட்டித் தொங்கவிட்டேன். 'கழுவ வேண்டாம்' என்று குருடனுக்கும் தெரிகிற மாதிரி எழுதியிருந்தேன். சாயங்காலம் போனால் கார் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை மாதிரி பளபளவென்று நிற்கிறது. அட்டையைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். சர்வீஸ் மேனேஜர் ஜெப்கா பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, 'நம்ம அன்பளிப்பு சார். கழுவி, பாலிஷும் போட்டுட்டோம், காசு வேண்டாம்' என்றார். காசு வாங்கிக்கொண்டு கழுவாமல் விட்டிருந்தால் கும்பிட்டிருப்பேன்.

கேட்காத பாலிஷை எவனும் சும்மா போடமாட்டான். அது கீறலை மறைக்கிற எண்ணெய்ப் பாலிஷ். இரண்டு மழைக்குத் தாங்காது. தாங்கவும் இல்லை. போன ஞாயிறு பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தோம். அன்றைக்கென்று நல்ல வெயில். கறுப்பு பானட் முழுக்க வட்டம் வட்டமாகச் சிலந்தி வலை. கொன்டெக் மாமா ஊரே கேட்கும்படி, 'என்னடா விட்டெக், அப்பன் ஊர்ல இல்லைன்னதும் காரை இரும்பு நார் போட்டுத் தேச்சியா? பஸ்ஸுக்குப் பவுடர் பூசுற உத்தியோகம்னு கேள்விப்பட்டேன், இதான் அதா?' என்றார். பாதிரியார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் பானட்டைப் பார்க்கும்போது அவள் காரின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது இருந்த ஆத்திரத்தில் அது மனதில் ஏறவில்லை.

மறுநாளே எங்கள் பஸ் தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவிலிருந்து விளக்கையும் பூச்சின் கனத்தை அளக்கும் மீட்டரையும் கொண்டுவந்து காரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். பானட்டிலும் கதவுகளிலும் இருப்பவை வட்டக் கீறல்கள். சக்கரம் கழுவிய அதே ஸ்பாஞ்சால் உடம்பையும் தேய்த்திருக்கிறார்கள். மண் உள்ளே இருந்திருக்கிறது. அதை மறைக்க மிஷின் பாலிஷ் போட்ட ஆள் பானட்டின் இடது ஓரத்தில் மிஷினை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறான். சூட்டில் மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு கரைந்து, ஒரு பிளம்ஸ் பழ அளவுக்கு மங்கிக் கிடக்கிறது. இது முழுக்க அவர்கள் வேலை. சந்தேகமே இல்லை.

கூரை வேறு கதை. அங்கே வட்டம் கிடையாது, எல்லாம் நேர்கோடு. கதவுப் பக்கம் ஆரம்பித்து நடுக்கூரை வரை போய் நின்றுவிடுகிறது. அந்தப் பக்கமிருந்தும் அதே மாதிரி. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஸ்பாஞ்ச் இப்படிக் கீறாது. ஏதோ குச்சியால் தள்ளிய ஆளுக்குக் கூரையின் நடுப்பகுதி எட்டவில்லை. உங்களுக்கு எட்டும். எனக்கும் எட்டும். நம் வீட்டில் எட்டாத ஆள் ஒருவர்தான்.

நான் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாதவன். நேரே சமையலறைக்குப் போய், முற்றம் கூட்டும் துடைப்பமா என்று கேட்டேன். அம்மா உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. தலை தூக்காமலே சொன்னாள்: 'பனி தள்ளுற பிரஷ் காருக்குள்ள இருந்துச்சு. சாவியை அமுக்குனா கார் கூவும், உங்கப்பா முழிச்சுக்குவாரு. வேற என்னடா பண்ணச் சொல்றே?'

அப்புறம்தான் முழுதும் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு காலையில் நீங்கள் காரின் மேல் விழுந்த பனியைத் தள்ளும்போது பாதியில் நிறுத்தி, கதவைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நெஞ்சை அழுத்திக்கொண்டு நின்றீர்களாம். ஜன்னலிலிருந்து அம்மா பார்த்திருக்கிறாள். உள்ளே வந்ததும் என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறாள். 'ஒண்ணுமில்ல, கை வெறைச்சுப் போச்சு' என்றீர்களாம். இன்னொரு தடவை கேட்டால் எரிந்து விழுவீர்கள் என்று அவள் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து நீங்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் போய்ப் பனியைத் தள்ளிவிட்டு வந்து, ஈரச் சாக்ஸோடு போர்வைக்குள் படுத்துத் தூங்குகிற மாதிரி கிடந்திருக்கிறாள். நீங்கள் மருத்துவமனைக்குப் போகும் நாள் வரை இதுதான் நடந்திருக்கிறது.

அப்பா, அந்தப் பனிக்காலம் முழுக்க நீங்கள் மர ஆலையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தது ஞாபகம் இருக்கிறதா? 'வண்டி நிறுத்த இடம் பாக்கத் தெரியணும்யா. எங்க வீட்டு மூலையில அடிக்கிற காத்துக்குப் பனியே தங்காது.' அந்தக் காற்று நாலே முக்கால் அடி உயரம், உங்கள் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு வீசியிருக்கிறது.

கிறிஸ்துமஸ் விருந்தில் கொன்டெக் மாமாவைப் பார்த்து, 'துடைப்பத்தால கார் தொடைக்கிறவனுக்கு மாட்டு வண்டிதான் லாயக்கு' என்று நீங்கள் சொன்னபோது அம்மா உங்கள் தட்டில்தான் பீட்ரூட் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆயுள் முழுக்க அடுத்தவன் லாரியை ஓட்டிவிட்டு வாங்கிய முதல் புதுக் கார், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் புதன்கிழமை போனில், 'எந்தக் கழுதை என் வண்டியைக் கீறினதோ அது இனி என் மூஞ்சியில முழிக்கக் கூடாது' என்று கத்தினீர்களே, போனைக் காதில் வைத்திருந்த அம்மாதான் அந்த ஆள் என்று உங்களுக்குத் தெரியாது.

அதற்கப்புறம் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். 'எல்லாம் ஷோரூம்காரன்தான்னு சொல்லிடுடா. அவன் கெடுத்தது நெசந்தானே, அதோட இதுவும் போகட்டும்' என்றாள். வெள்ளிக்கிழமை ஜெப்காவிடம் போனபோது காரில் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஜெப்கா முதலில், 'கீறல் முன்னாடியே இருந்திருக்கும் சார்' என்றார். விளக்கைப் பிடித்து, மீட்டரை வைத்துக் காட்டினேன். முகம் மாறிவிட்டது. உடனே, 'மேலதிகாரிக்கு எழுதிடாதீங்க சார், கூரையோட சேத்து முழு வண்டிக்கும் புதுசா பெயின்ட் அடிச்சுத் தந்துடறோம்' என்றார். அம்மா என் முழங்கையை அழுத்தினாள். அவள் அவ்வளவு பலமாக அழுத்தி நான் பார்த்ததில்லை.

கூரை உங்கள் வேலை இல்லை, பானட்டும் கதவும் மட்டும் செய்யுங்கள் என்றேன். ஜெப்கா என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். 'தர்றேங்கிறதை வேண்டாங்கிற மொத ஆளு நீங்கதான் சார்' என்றார். தினமும் பூச்சைப் பார்த்து, யார் செய்த தவறு என்று கையெழுத்துப் போடுவதுதான் என் பிழைப்பு. வீட்டுக் கார் என்பதற்காக வேறு மாதிரி போட எனக்கு வராது. தொழிற்சாலைச் சூளையில் வெந்த பூச்சுக்குப் பட்டறைப் பூச்சு ஒருநாளும் ஈடாகாது என்பது வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தும்போதுதான் அம்மா, 'உண்மையைப் பேசி என்னத்தைக் கிழிச்சே? நீ ஊருக்குப் போயிடுவே. அவர் மூஞ்சியில நான்ல முழிக்கணும்' என்றாள். அழவில்லை, அழுதிருந்தால் தேவலை. நீங்கள் திரும்பி வரும் வாரத்தில் டார்னூவில் பெரியம்மா வீட்டுக்குப் போய் இருக்கப் போகிறாளாம். பெரியம்மாவுக்கு மூட்டு வலியாம். மூட்டு வலிக்காரப் பெரியம்மா நேற்று மலை ஏறி போட்டோ அனுப்பியிருந்தாள். அம்மாவின் பெட்டி கட்டிலுக்கு மேலே திறந்தபடி இருக்கிறது. இன்னும் ஒன்றும் எடுத்து வைக்கவில்லை.

கூரையை ஒரு சனிக்கிழமையில் நானே பாலிஷ் போட்டு எடுத்துவிட முடியும். கோடுகள் ஆழமில்லை. ஆனால் காரை வைத்து இது தீராது, அப்பா. எனக்குத் தெரிந்த மிஷின் எதுவும் இதற்கு உதவாது.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். கடிதம் கிடைத்த அன்றே அம்மாவுக்குப் போன் செய்யுங்கள். காரைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். மன்னித்தேன் என்றும் சொல்லிவிடாதீர்கள், தொலைந்தோம். அந்தக் காலையில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களே, அப்போது எங்கே வலித்தது, எவ்வளவு வலித்தது, பயமாக இருந்ததா என்று அவளிடம் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்தவரிடம் சொன்னீர்கள். நர்ஸிடம் சொன்னீர்கள். அங்கே நடனமாடும் பாட்டிகளிடமும் இந்நேரம் சொல்லியிருப்பீர்கள். இத்தனை மாதமாக இவள் அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறாள்.

நல்லபடியாக வந்து சேருங்கள். கடவுள் உங்கள் நெஞ்சைக் காக்கட்டும்.

அன்பும் கொஞ்சம் கோபமுமாக,
உங்கள் மகன்
விட்டெக்