கொலைக்குத் தேவையில்லாத காரியம்

டாக்டர்,

இன்று திருச்சுழி ரோட்டில் ஜீப்பில் வரும்போது எங்கோ கரிமூட்டம் போட்டிருந்தார்கள். கருவேல விறகு கனலும் வாசனை. வெயிலில் நீலமாக மிதந்த அந்தப் புகைக்குள் நீங்கள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி நடந்து வருவதுபோல் இருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நீங்கள் இறந்துபோனது ஒரு கணம் மறந்தே போயிற்று.

கொலைகாரனின் மனசை அவன் செய்த காரியத்திலிருந்து படிக்கிறவர் என்று உங்களை மதுரையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். நரிக்குடிப் பக்கம் ஒரு கிராமம். தோட்டத்து மோட்டார் அறையில் பெரியவர் ஒருவரைக் கல்லால் அடித்துக் கொன்றிருந்தார்கள். பக்கத்தில் கரி சுட வந்திருந்த வெளியூர்க்காரன் மாரியை ஊரே பிடித்து எங்களிடம் ஒப்படைத்திருந்தது. "அவன்தான் சார். வேற யாரு இங்கன வாரா?" என்றார்கள்.

நீங்கள் யாரையும் விசாரிக்கவில்லை. அந்த அறை வாசலில் உட்கார்ந்து புகைப்படங்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வெளியே சோளத்தட்டை காற்றில் சலசலத்தது. தூக்கத்தில் பேசுவதுபோல் சொன்னீர்கள்: "கொலைக்குத் தேவையில்லாம எதைச் செஞ்சிருக்கான்னு பாருங்க, இன்ஸ்பெக்டர்."

படங்களில், இறந்தவரின் முகத்து ரத்தம் தண்ணீர் தொட்டுத் துடைக்கப்பட்டிருந்தது. முகத்தின் மேலே ஒரு சலவைத் துண்டு. "திருட வந்தவன் முகத்தைத் துடைக்க மாட்டான். இவருக்கு வேண்டியவங்க யாரோதான். ஆனா இது என் ஊகம். சாட்சியை நீங்கதான் தேடணும்."

தேடினோம். வைக்கோல் படப்புக்குள் ரத்தக்கறை படிந்த வேட்டி கிடைத்தது. பெரியவரின் தம்பியுடையது. சுடுகாடுவரை பாடையைத் தூக்கி வந்தவர் அவர். ஏன் கொன்றாய் என்று நாங்கள் கேட்டபோதெல்லாம் வாயே திறக்காதவர், "ஏன் துடைச்சீங்க?" என்று நீங்கள் கேட்டதும் உடைந்துபோனார்.

"அப்படியே கெடந்தா அண்ணன் பிள்ளைக எப்படிம்மா பாக்கும்? தோட்டத்துக்குப் போற பாதைத் தகராறுல கை ஓங்கிட்டேன்."

மாரியை விடுவித்தோம். எங்கே போவதென்று தெரியாமல் ஸ்டேஷன் வாசலில் நின்றான். நீங்கள் அவனை அந்த ஊர் டீக்கடைக்கே கூட்டிப்போய், பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்தீர்கள்.

"எதுக்கு டாக்டர் இதெல்லாம்?" என்றேன்.

"பிடிச்சதை ஊரே பார்த்துச்சு. விட்டதையும் பார்க்கணும்ல?"

கடைக்காரர் தயங்கித் தயங்கி மாரியிடம் வந்தார். "இன்னொரு டீ போடவாப்பா?"

உங்கள் படிப்பு எனக்கு வராது. ஆனால் போன வாரம் அருப்புக்கோட்டையில், சந்தேகத்தில் பிடித்த ஒரு தறிக்காரரைக் குற்றமில்லை என்று விடுவித்தோம். அவருடைய தெருமுனை டீக்கடை பெஞ்சில், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.