மூன்று மரண அறிவித்தல்கள்

கட்டுகலை, கண்டி
19.09.1996

அன்பு மகன் சுந்தரலிங்கத்துக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே இருக்கிறவர்கள் இருக்கிறோம். மெல்பேர்னில் நீயும் யசோதாவும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் இன்று காலையிலும் கும்பிட்டேன். அம்மாவின் கருமாதி நேற்று முடிந்தது, நல்லவேளை மழை இல்லை. நீ வர முடியாமல் போனதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். லீவு கிடைக்கவில்லை என்றாய், சரி. இந்தக் கடிதம் அதற்காக இல்லை. டெலிபோனில் பேசினால் நீ குறுக்கே பேசி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

அம்மா போன அன்று நீ ஃபெக்ஸில் மூன்று அறிவித்தல் அனுப்பினாய். ரேடியோவுக்குத் தமிழில் ஒன்று, பேப்பருக்கு இங்கிலீஷில் ஒன்று, நம் சாதிசனம் இருக்கிற மஹய்யாவைத் தெருக்களில் ஒட்ட நோட்டீஸ் ஒன்று. யாருக்கு எதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதில் நீ கெட்டிக்காரன், பள்ளிக்கூடத்திலேயே பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினவன். இங்கிலீஷ் பேப்பரில் நான் முனிசிபலின் ஓய்வுபெற்ற நிர்வாக அதிகாரி. முப்பத்திரண்டு வருஷம் ஸ்டோர்ஸில் விளக்குமாற்றுக்கும் மண்வெட்டிக்கும் துண்டு எழுதிய எனக்கே அது புதுச் செய்தி. என்னோடு வேலை செய்தவர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள், போகட்டும். உன் அக்காவை ஏன் அப்படிச் செய்தாய்?

அக்காவின் பெயர் நோட்டீஸில் மட்டும் இருந்தது, முதல் வரியிலேயே, அத்தானின் பெயரோடு. ரேடியோவிலும் இல்லை, பேப்பரிலும் இல்லை. காரணம் எனக்கு விளங்காமல் இல்லை. அத்தான் இருளப்பன் குப்பை லொறியில் வேலை செய்கிறவர். யசோதாவின் ஆட்கள் கொழும்பில் ரேடியோ கேட்பார்கள், உன் சிநேகிதர்கள் பேப்பர் பார்ப்பார்கள், அவர்களுக்கு முன்னால் உனக்கு அக்கா இல்லை. பந்தல் போடவும் பாடை தூக்கவும் மஹய்யாவையிலிருந்து ஆட்கள் வரவேண்டும், அங்கே மட்டும் அக்காவும் உண்டு, அத்தானும் உண்டு. அவர்களும் வந்தார்கள், ஒரு குறையும் வைக்கவில்லை. நீ வைக்க வேண்டிய கொள்ளியை இருளப்பன்தான் வைத்தார்.

பகல் ரேடியோவில் அறிவித்தல் வந்தபோது வீடு நிறைய ஆட்கள். அம்மாவின் தலைமாட்டில் இருந்த அக்காதான் எழுந்துபோய்ச் சத்தத்தைக் கூட்டிவைத்தாள், அம்மா பேரு வரப்போகுது, கொஞ்சம் பேசாம இருங்க என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டாள். அழகமுத்துவின் அன்பு மனைவியும், சுந்தரலிங்கத்தின் அன்புத் தாயாரும், யசோதாவின் அன்பு மாமியாரும் ஆவார் என்று வாசித்துவிட்டு அடுத்த ஆளின் பெயருக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு ரபீகா மட்டும், ரேடியோக்காரங்க அவசரத்துல விட்டுட்டாங்க போல புள்ள என்று சொல்லிப் பார்த்தாள். அக்கா ரபீகா வீட்டிலிருந்து வந்த கேத்தலை எடுத்து, இருந்தவர்களுக்குப் பிளேன்டீ ஊற்றத் தொடங்கிவிட்டாள்.

சாம்பல் கரைத்துவிட்டு வந்த அன்று அவள் என்னிடம் கேட்டாள், அப்பா, அது தம்பி எழுதினதா, நீங்களும் பாத்தீங்களா என்று. தம்பி எழுதினது என்றேன். அது பாதி உண்மைதான். ஃபெக்ஸ் வந்த கடையிலேயே நின்று மூன்றையும் வாசித்தேன், அவள் பெயர் இல்லாததையும் பார்த்தேன். சட்டைப் பையில் பேனை இருந்தது. ஒரு பெயர் எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும்? உனக்கு மாமனார் வீட்டில் பேச்சு வரும், நீ கோபிப்பாய் என்று பயந்து அப்படியே கொடுத்து அனுப்பினேன். உன்னைத் திட்ட எடுத்த பேனையால் என்னையும் திட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நேற்று கருமாதி முடிந்த பிறகு அவளிடம் சொல்லிவிட்டேன். தெரியும்ப்பா என்றாள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

கருமாதிக்குப் பிறகு போடும் நன்றி நவிலலையும் மூன்று விதமாக எழுதி அனுப்பியிருக்கிறாய். அந்தத் தாள்கள் அலுமாரியில் கிடக்கின்றன. நான் ஒன்றுதான் எழுதினேன், ரேடியோவுக்கும் பேப்பருக்கும் தெருவுக்கும் அதே ஒன்றுதான், அதில் எல்லாரும் இருக்கிறார்கள். யசோதாவின் ஆட்கள் கேட்டால் என்ன சொல்வதென்று நீயே யோசித்துக்கொள், உனக்கு அது கைவந்த வேலை. அக்காவுக்கு ஒரு கடிதம் போடு. அழகாக எழுத வேண்டாம், தடுமாறி எழுதினாலும் அவள் விளங்கிக்கொள்வாள். யசோதாமேல் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, உனக்கு உடனே இருமல் வந்துவிடும்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் வாழ வேண்டும். என் ஆசீர்வாதத்தில் கோபம் கலக்கவில்லை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. எனக்கும் ஒருநாள் அறிவித்தல் எழுத வேண்டிவரும், அதற்கு நீ சிரமப்பட வேண்டாம். நானே எழுதி நேற்று அக்காவின் கையில் கொடுத்துவிட்டேன், வாசிக்காமலே பைக்குள் வைத்துக்கொண்டாள். அதில் உள்ளபடியே இங்கேயும் கையெழுத்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
அழகமுத்து,
ஓய்வுபெற்ற ஸ்டோர்ஸ் கிளாக்கர்,
காலஞ்சென்ற அன்னலட்சுமியின் கணவர்,
இராஜகுமாரி, சுந்தரலிங்கம் ஆகியோரின் தந்தை,
இருளப்பன், யசோதா ஆகியோரின் மாமனார்.