சப்பரம் சாய்ந்த பிறகு

மாரண்டஹள்ளி
9 ஜூன் 2024

அன்புள்ள தெரசாவுக்கு,

மாதா துணை. நீ பொம்மிடி போய்ச் சேர்ந்ததை உன் தங்கை மலர்விழி போனில் சொன்னாள். அதற்கு மேல் பேசவில்லை. நீ என் போனை எடுப்பதே இல்லை. எடுத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. நேற்று ஓசூருக்கு நம் கவிப்பிரியாவைக் கூப்பிட்டேன். நான்கு வார்த்தை பேசுவதற்குள், "அப்பா, நாக்கு குழறுது. தெளிஞ்சதுக்கப்புறம் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள். அப்போது பகல் பதினோரு மணி. டீயைத் தவிர எதுவும் என் வாயில் படவில்லை. சில மாதமாகவே குரல் இப்படிக் கரகரத்து இழுக்கிறது. பெற்ற மகளுக்கே அது குடிகாரன் குரலாகக் கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

திருவிழாவன்று மாதா சப்பரம் என் பக்கம் சாய்ந்ததற்குக் குடி காரணம் இல்லை. கோயில் படி இறங்கும்போது தொடை இரண்டும் யாருடையதோ போல ஆகிவிட்டன. முழங்கால் தானாக மடங்கியது. மற்ற மூன்று பேரும் தாங்கியிராவிட்டால் மாதா தரையில் விழுந்திருப்பாள். "சவுரியப்பன் மறுபடி ஆரம்பிச்சுட்டான்டா" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னது என் காதிலும் விழுந்தது. நான் உன் முகத்தைத்தான் தேடினேன். நீ கிட்டே வந்து என் வாயை முகர்ந்து பார்த்திருக்கலாம்.

ஏழு வருடமாக நான் தொடவில்லை. நம்பு.

உன்
சவுரியப்பன்

பொம்மிடி
27 ஜூன் 2024

கவிப்பிரியாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். பதினோரு வருடம் குடித்தீர்கள். அந்தப் பதினோரு வருடத்தில் ஒருநாள்கூட அதை ஒத்துக்கொண்டதில்லை. காய்ச்சல் என்பீர்கள், பல்வலி என்பீர்கள், லாரிக்காரன் மேலே டீசலைக் கொட்டிவிட்டான் என்பீர்கள். ஒவ்வொரு முறையும் கடைசியில் "நம்பு தெரசா" என்பீர்கள்.

இந்த வருடம் முகம் உப்பியது. காலையில் எழுப்பினால் எழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தீர்கள். கேட்டால் "அசதி" என்றீர்கள். அப்படி நடக்கிற ஆளை எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். திருவிழாவில் என்னோடு நின்றிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்து போனார்கள். நான் மட்டும் மெழுகுவர்த்தியோடு நின்றேன்.

இங்கே மலர்விழியின் டிபன் கடையில் வேலை செய்கிறேன். ஸ்டேஷன் பக்கம் என்பதால் காலையில் கூட்டம் இருக்கிறது. அங்கே வீட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் புளி இருக்கிறது. தேடாதீர்கள்.

தெரசா

மாரண்டஹள்ளி
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தெரசாவுக்கு,

இந்தப் பக்கத்தை எழுத இரண்டு நாள் ஆயிற்று. பத்து வரி எழுதினால் விரல்கள் இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. மற்றொரு கையால்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.

மண்டியில் வேலை போய்விட்டது. கோஸ் மூட்டையைத் தோளுக்கு ஏற்றும்போது கை நடுங்கிக் கீழே போட்டுவிட்டேன். மேஸ்திரி சென்னப்பனை உனக்குத் தெரியுமே. எல்லார் எதிரிலும் சொன்னார்: "உடம்பப் பாத்தா பயில்வானாட்டம் இருக்குது, மூட்டையத் தொட்டா நடுங்குற. போதை தெளிஞ்சு வா, போ." அவரைக் குறை சொல்ல முடியாது. கெண்டைக்காலும் தோளும் முன்னைவிடப் பருத்திருக்கின்றன. தொட்டால் கல் மாதிரி இருக்கின்றன. உள்ளே பலம்தான் இல்லை. இருபத்தெட்டு வருடம் மூட்டை தூக்கியவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீரைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. உட்கார்ந்து தோளில் ஊற்றிக்கொள்கிறேன்.

போன வாரம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எழ முடியவில்லை. கூப்பிட யாரும் இல்லை. ஜன்னல் கம்பி வரை நகர்ந்து போய், அதைப் பிடித்து எழுந்தேன். அதிலிருந்து நின்றபடிதான் சாப்பிடுகிறேன்.

வெயிலிலும் குளிருகிறது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். என் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

நீ ஒரு வரி எழுதினால் போதும்.

உன்
சவுரியப்பன்

மாரண்டஹள்ளி
22 அக்டோபர் 2024

அன்புள்ள தெரசாவுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. இது உனக்குத் தெரிய வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

கால் வலிக்கு ஊசி போட்டு வரலாம் என்று பாலக்கோடு கிளம்பினேன். பஸ் படியில் கால் ஏறவில்லை. பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள். பஸ் போய்விட்டது. அங்கேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு ஆட்டோவில் தொற்றிக்கொண்டு ஏறி, பாலக்கோட்டில் நிற்காமல் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கே போனேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா, நம் கவியைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். என்னை நாற்காலி மேல் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் அசைந்தது. திரும்பி வர நேரம் எடுத்தது. மறுபடி தட்டிப் பார்த்தார். "குரல் எப்பவுமே இப்படியா? குளுருதா? மலச்சிக்கல் இருக்கா?" எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். பிறகு கேட்டார்.

"குடிப்பீங்களா?"

"ஏழு வருசமா இல்லீங்க."

"சரிங்க" என்று சீட்டில் எழுதிக்கொண்டார். தெரசா, நான் சொன்னதை ஒரு ஆள் அப்படியே எழுதிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ரத்தப் பரிசோதனையில் காரணம் தெரிந்துவிட்டது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி ஏறக்குறைய வேலையே செய்யவில்லையாம். அதனால் தசை பருத்து, இறுகி, பலம் இழந்து போகுமாம். முகம் உப்புவது, நாக்கு தடிப்பது, அசதி எல்லாம் அதுதானாம். தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். பலம் திரும்ப மாதக்கணக்காகும் என்றார்.

ரிப்போர்ட்டின் ஜெராக்ஸை இதோடு வைத்திருக்கிறேன்.

உன்
சவுரியப்பன்

பொம்மிடி
10 நவம்பர் 2024

கவிப்பிரியாவின் அப்பாவுக்கு,

ரிப்போர்ட்டை மெடிக்கல் கடைக்காரரிடம் காட்டினேன். இவ்வளவு நாள் இந்த ஆள் எப்படி நடமாடினார் என்று கேட்டார். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் உங்கள் மேல் சொன்னது தவறு. அன்றைக்கு நீங்கள் குடிக்கவில்லை. கவிக்கும் சொல்லிவிட்டேன். அவள் போனிலேயே அழுதாள்.

மாத்திரை போட்டு அரை மணி கழித்துத்தான் டீ குடிக்க வேண்டுமாம். உங்களுக்கு எழுந்ததும் டீ வேண்டும். மறந்துவிடாதீர்கள். தரையில் உட்காராதீர்கள். பக்கத்து வீட்டு நஞ்சம்மாளிடம் தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தெரசா

மாரண்டஹள்ளி
26 ஜனவரி 2025

அன்புள்ள தெரசாவுக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். நல்ல செய்தி சொல்கிறேன். முகத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. தலை சீவக் கை மேலே போகிறது. பொங்கலுக்கு கவி வந்திருந்தாள். என் குரலைக் கேட்டு, "அப்பா, பழைய அப்பா மாதிரி பேசுறீங்க" என்றாள். சென்னப்பன் வீடு தேடி வந்து, "தெரியாமப் பேசிட்டங்க, மனசுல வெக்காதீங்க" என்றார். மண்டியில் எடை எழுதும் வேலை கொடுத்திருக்கிறார். கோயிலில் பெஞ்சு நிறைகிறது.

எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். நீ மட்டும்தான் பாக்கி.

நீ சொன்னால் நானே பொம்மிடி வந்து அழைத்துவருகிறேன். இப்போது பஸ் படி ஏறுகிறேன். வந்துவிடு.

உன்
சவுரியப்பன்

பொம்மிடி
13 ஏப்ரல் 2025

கவிப்பிரியாவின் அப்பாவுக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னியுங்கள். எழுதத் தெரியாமல் இல்லை. உங்களுக்கு உடம்பு தேறட்டும் என்று காத்திருந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சப்பரம் சாய்ந்தபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை. ஒரு நிம்மதிதான் வந்தது. நீங்கள் குடியை விட்ட ஏழு வருடமும் நான் அந்த நாளுக்காகவே காத்திருந்தேன். நீங்கள் கேட்டைத் திறக்கும் சத்தத்தை வைத்தே நடை சரியாக இருக்கிறதா என்று கவனிப்பேன். சிரித்தால் ஏன் சிரிக்கிறார் என்று பார்ப்பேன். உங்களுக்கு அது தெரியாது. நீங்கள் நல்லபடியாகத்தான் இருந்தீர்கள். நான்தான் ஒருநாளும் காதை மூடியதில்லை. கிட்டே வந்து முகர்ந்து பார்த்திருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். வாடை இல்லாமல் போய்விடுமோ என்று பயந்துதான் வரவில்லை. கிளம்ப எனக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. உங்கள் நோயைக் காரணமாக எடுத்துக்கொண்டேன். இது பாவம்தான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்ல வேண்டும்.

இங்கே வந்து பத்து மாதம் ஆகிறது. எந்தக் காலடிச் சத்தத்துக்கும் காது கொடுக்காமல் இருக்கிறேன். நான் திரும்பி வரவில்லை. உங்கள் மேல் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஒருவேளை வந்திருப்பேன்.

மலர்விழிக்குத் தனியாக மாவு அரைத்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். என் கிரைண்டரை யாரிடமாவது அனுப்பி வைக்க முடியுமா? நீங்கள் தூக்க வேண்டாம்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

தெரசா

மாரண்டஹள்ளி
4 மே 2025

தெரசாவுக்கு,

மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் சண்டை போட்டிருந்தேன். ஒன்றில் கெஞ்சியிருந்தேன். மூன்றாவதில் அந்தப் பதினோரு வருடத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தேன். அதை நான் எட்டு வருடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். குடியை விட்டாலே போதும், கேட்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது கேட்கிறேன். இதற்காக நீ வர வேண்டாம்.

மண்டிக்கு வண்டி ஓட்டும் இளம்பரிதி தன் குட்டியானை வண்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டு நாளைக் காலை பொம்மிடி வருகிறான். இந்தக் கடிதமும் கிரைண்டரும் அதிலேதான் வருகின்றன. "மாமா, வுடுங்க, நா தூக்கி வெக்கிறேன்" என்றான். வேண்டாம் என்றேன். முதலில் கல், பிறகு டிரம், பிறகு மோட்டார் ஸ்டாண்டு. நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். அவசரமில்லாமல் நானே ஏற்றினேன்.

சுவிட்சில் ஷாக் அடித்துக்கொண்டிருந்தது. புதிது மாற்றியிருக்கிறேன். பெல்ட்டையும் இறுக்கிவிட்டேன். முதல் ஈட்டைத் தண்ணீர் விட்டு அரைத்துக் கொட்டிவிடு. சத்தம் ஏதாவது வந்தால் எழுது, வந்து பார்க்கிறேன்.

நன்றாக ஓடினால் பதில் போட வேண்டியதில்லை.

சவுரியப்பன்