உளுத்த தூணை முதலில் காட்டியவள்

உலு திராமில் இருக்கும் வீட்டை நம் சின்னவன் விற்கப்போகிறான். நேற்றுக் காலை நான் போனபோது பின்பக்கத் தகரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு டப்பாவில் இருந்த வெள்ளைப் பசையை ஆணி ஓட்டைகளில் பூசிக்கொண்டிருந்தான். காற்று என் பக்கம் திரும்பியதும் வாடை வந்தது. ரப்பர் பால் வாடை. கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்னப்பா, வாடை ஒத்துக்கலையா?" என்று மேலிருந்து கேட்டான்.

"ஒங்கம்மா ஞாபகம் வந்திருச்சி" என்றேன்.

அவன் போர் முடிந்த பிறகு பிறந்தவன். ரெங்கம் ஊரில் நாம் இருந்த வீட்டை அவன் பார்த்ததே இல்லை. அந்தக் கூரைமேல் நீ சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அவனுக்குத் தெரியாது. அவனிடம் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். இதை உன்னிடம் சொன்னால்தான் எனக்குச் சரியாக வரும்.

அந்த வீடு என் அப்பா கட்டியது. பலகைச் சுவர், தகரக் கூரை, எட்டுத் தூண், ரோட்டோரம். மலாயாவுக்குள் ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. விற்கத் துணி இல்லாமல் நான் வேலை பார்த்த துணிக்கடையைச் சாத்திவிட்டார்கள். அரிசிப் பங்கீடு மாதத்துக்கு மாதம் இளைத்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத்தான் மண். அதற்கும் மேலாக, சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நம் வரிசையிலிருந்து இரண்டு பேர் போனார்கள். திரும்பி வரவில்லை, சேதியும் வரவில்லை.

ஆள் பிடிக்கிறவர்கள் நம் வாசலுக்கு வந்த அன்று, கிணற்றடியில் கவிழ்த்திருந்த மரத்தொட்டிக்குள் சுருண்டு கிடந்தேன். நீ நம் மகள் பெரியவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, "வேலைக்குப் போயிருக்காரு" என்று சொன்னது கேட்டது. அவர்கள் போனதும் தொட்டியைத் தூக்கினாய். நான் எழுந்து நிற்பதற்குள்ளேயே, "இந்த வீட்ட வித்திருவோம்ங்க" என்றாய்.

பயத்தில் சொல்கிறாய் என்று நினைத்தேன். நீ ஏற்கனவே கணக்குப் போட்டு முடித்திருந்தாய்.

"ரோட்டோரத்துல இருந்துகிட்டு எத்தன நாளைக்கி ஒளியிறது? ஒரு கெழங்கு நட முடியல. நம்மகிட்ட வீடு இருக்கு, மண்ணு இல்ல. மண்ணு வச்சிருக்கிற யாருக்காவது ரோட்டோரத்துல ஒரு வீடு வேணும்னு இருக்கும். அவங்களத் தேடுவோம்."

நீ தேடுவதற்கு முன்பே வீராசாமி வந்துவிட்டார். கள்ளச் சந்தையில் சரக்கு கைமாற்றி அந்தக் காலத்திலும் தொந்தி வைத்த மனிதர். ஒரு தோல் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே கட்டுக்கட்டாக வாழைமர நோட்டு. ஜப்பான்காரன் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட நோட்டு. "பெட்டியோட எடுத்துக்கங்க" என்றார். அவ்வளவு பணத்தை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

நீ எட்டிப் பார்த்தாய், தொடவில்லை. "அண்ணே, இத்தன நோட்டையும் குடுத்தா நாலு மூட்ட அரிசி கெடைக்குமா?"

"அரிசி எங்கம்மா இருக்கு இப்ப?" என்று சிரித்தார்.

"அப்ப இத வச்சி நான் என்னண்ணே செய்றது?"

யோசித்துச் சொல்லுங்கள் என்று அவர் பெட்டியை மூடிக்கொண்டு போனார். அன்று உன்மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ தட்டை என் பக்கம் நகர்த்தி, "அவங்க நிறுத்தாம அச்சடிக்கிறாங்க. நமக்கு இருக்கிறது ஒரே ஒரு வீடு" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

மறுநாளே வீட்டை விற்பனைக்குத் தயார் செய்ய ஆரம்பித்தாய். பின்னால் சாய்ந்து நின்ற பழைய சமையல்கட்டுக்கு முட்டுக்கொடுத்துச் சுண்ணாம்பு அடிக்கலாம் என்றேன். நீ அதைப் பிரித்தே போட்டாய். "ஒட்டுப் போட்டு வச்சா பாக்கிறவங்க கண்ணு அங்கதான் போகும். எடுத்துட்டா எடம் பெருசாத் தெரியும்" என்றாய். பிரித்ததில் நல்ல பலகைகளை எடுத்து வீட்டுக்குள் ஆட்டம் கண்ட தரையை மாற்றினோம். அடுத்தது கூரை. தார் எங்கும் கிடைக்கவில்லை. ஆனால் ரப்பரை வாங்க ஆள் இல்லாமல் தோட்டங்களில் பால் சும்மா கிடந்தது. ஒரு வாளி கேட்டு வாங்கி வந்து, சாக்குத் துண்டுகளை அதில் நனைத்து, ஓட்டை ஓட்டையாக அடைத்தாய். அடுத்த மழையில் வீட்டுக்குள் ஒரு சொட்டு விழவில்லை. என்னைக் கிணற்றுக்குள் இறக்கிச் சேறு அள்ள வைத்தாய். வெற்றிலைக் கடையில் கெஞ்சி வாங்கிய சுண்ணாம்பு முன்பக்கத்துக்கு மட்டும்தான் வந்தது. மற்ற சுவர்களைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினோம். மூட்டை முடிச்சுகளையெல்லாம் ஒரு மூலையில் கட்டி வைத்தாய். "வர்றவங்க அவங்க கட்டில எங்க போடலாம்னு பாக்கணும். நம்ம மூட்டையப் பாக்கக் கூடாது."

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மேற்கு மூலைத் தூணைக் கறையான் தின்றிருந்தது. மாற்றுவதற்கு மரம் இல்லை. நான் துணிக்கடையில் நின்றவன். சாயம் போன இடத்தை உள்பக்கமாக மடித்து வாடிக்கையாளருக்குக் காட்டிப் பழகிய கை. "மண்ணக் கொழச்சிப் பூசி, மேல ஒரு காலண்டர மாட்டிருவோம்" என்றேன். நீ கிணற்றடிப் பக்கம் போய்விட்டாய். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பூசி மாட்டிவிட்டேன்.

சந்தையில் கட்டைச் செருப்பு விற்கும் சீனக் கிழவரை நீதான் கண்டுபிடித்தாய். அப்பெக் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டோம். தோல் செருப்பும் ரப்பர் செருப்பும் மறைந்துபோன காலம், அவர் செதுக்கும் மரச் செருப்புக்குத்தான் கிராக்கி. செடெனாக்கில் நாலு ஏக்கர் நிலம் வைத்திருந்தார், முழங்கால் போய்விட்டதால் மண்வெட்டி பிடிக்க முடியவில்லை. உட்கார்ந்து செதுக்கவும் வாசலில் வைத்து விற்கவும் ரோட்டோரத்தில் ஓர் இடம் வேண்டும் என்று சந்தையில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் வந்த அன்று, வாசல் ஏறியதும் நீ நேராக மேற்கு மூலைக்குக் கூட்டிப்போனாய். காலண்டரைக் கழற்றினாய். அடுப்படிக் கம்பியை எடுத்துத் தூணில் ஒரு குத்து. ஒரு சாண் உள்ளே போனது.

"அப்பெக், தியாங் பூசோக்" என்று மலாயில் சொன்னாய். இந்தத் தூண் உளுத்துப்போச்சு. "மத்த ஏழும் நல்லா இருக்கு. நீங்களே தட்டிப் பாருங்க."

எல்லாம் போயிற்று என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்பெக் முழங்காலைத் தடவியபடி எட்டுத் தூணையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். கடைசித் தூணில் நின்று சிரிக்க ஆரம்பித்தார்.

"நாப்பது வருஷமா மரத்துல வேல செய்றவன் லா நான்" என்றார், எதற்கும் ஒரு 'லா' சேர்க்கும் தன் மலாயில். "படி ஏறும்போதே அந்த மூல அசைஞ்சிச்சி. நீங்க சொல்றீங்களா, மறைக்கிறீங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அடுத்த வாரம் நம்மை அவர் நிலத்துக்குக் கூட்டிப்போனார். அவரும் முதலில் காட்டியது குறையைத்தான். கீழ்ப்பக்கம் ஒரு ஏக்கர் மழைக்காலத்தில் முங்கும். கிணற்றோரத் தென்னை காய்க்காது. அதற்குப் பிறகுதான் வற்றாத கிணறு, அத்தாப்பு ஓலைக் குடிசை, அறுப்புக்கு நின்ற மரவள்ளி எல்லாம். அங்கேயே நின்றபடி முடிவாயிற்று. வீட்டுக்கு நிலம். எல்லையோரத்துப் புலாய் மரங்களை மட்டும் செருப்பு செதுக்க அவர் வேண்டியபோது வெட்டிக்கொள்ளலாம். ஒரு நோட்டுக்கூடக் கைமாறவில்லை.

ஒரு தாளில் எழுதி ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் அப்பெக். எனக்கும் சரியென்றே பட்டது. சண்டைக் காலத்தில் யார் அலுவலகத்துக்கு அலைவது? நீதான் விடவில்லை. "கிராண்டுப் பத்திரத்துல பேரு மாத்தாம இந்த வீட்ட விட்டு ஒரு சட்டி நகராது."

இதற்குள் வீராசாமி காதுக்குச் செய்தி போய்விட்டது. ஒரு திங்கட்கிழமை வந்து வாசலில் நின்றார். இந்த முறை பெட்டி இல்லை. "ஒங்க வீட்டுக்காரரு வேல இல்லாம சும்மா இருக்காருன்னு சயாமுக்கு ஆள் எடுக்கிறவங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற நான் கிணற்றடித் தொட்டியை எட்டிப் பார்த்தேன்.

உன் குரல் மாறவே இல்லை. "வியாழக்கெழம வாங்கண்ணே. முடிவு சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை பெயர் மாற்ற நாம் குளுவாங் நில அலுவலகத்துக்கு ரயிலேறினோம். கிராண்டு பெரியவளின் பாவாடைக்குள் வைத்துத் தைத்திருந்தது. செருப்பு விற்கப் போகிறவர்கள் போல அப்பெக் தடியூன்றி முன்னால் நடக்க, நான் காவடிக் கம்பில் செருப்புக் கட்டுகளைத் தொங்கவிட்டுச் சுமந்தேன். ரயிலை விட்டு இறங்கி நடந்த வழியில் காவல் நின்ற ஜப்பான் சிப்பாய் நிறுத்தினான். என் தோளையும் கையையும் ஏற இறங்கப் பார்த்தான். அப்பெக் இடுப்பு வரை குனிந்து, என்னைக் காட்டி, தன் கூலியாள் என்று சைகை செய்தார். சிப்பாய் துப்பாக்கி முனையால் கட்டைத் தொட்டான். அவிழ்த்தோம்.

அவன் பூட்ஸைக் கழற்றினான். ஒரு ஜோடியைக் காலில் மாட்டிக்கொண்டு டக், டக் என்று நாலடி நடந்தான். திரும்பி நாலடி. அவன் ஊரிலும் இப்படி ஒரு செருப்பு இருந்திருக்க வேண்டும். முகம் சின்னப் பையன் முகம் போல ஆகிவிட்டது. எனக்குப் புரியாத ஏதோ ஒரு வார்த்தை சொன்னான். அந்த ஜோடியைத் தனக்கென்று வைத்துக்கொண்டு, எங்களைப் போகச் சொல்லிக் கையை வீசினான்.

"நடங்க. திரும்பிப் பாக்காதீங்க" என்றாய் பின்னாலிருந்து.

நடந்தோம். அன்று மதியத்துக்குள் ரெங்கம் வீடு அப்பெக் பெயருக்கு மாறியது. மறுநாள் ஜொகூர் பாரு அலுவலகத்தில் செடெனாக் நிலம் மாறியது. வியாழக்கிழமை காலை நம் சட்டிபானையெல்லாம் மாட்டுவண்டியில் செடெனாக்கை நோக்கி ஆடிக்கொண்டிருந்தன.

அன்று வீராசாமி இரண்டு ஆட்களோடு வந்திருக்கிறார். வாசலில் அப்பெக் உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருந்தாராம். வீட்டுக்காரன் எங்கே என்று கேட்டதற்கு, "நான்தான் லா வீட்டுக்காரன்" என்று கிராண்டை எடுத்து நீட்டினாராம். அவர்கள் முழித்துக்கொண்டு நின்றபோது, கால் அளவு என்ன என்று கேட்டாராம். பின்னால் இதை அவர் நடித்துக் காட்டியபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

துணி மடித்த கையால் நான் கிழங்கு நட்டேன். முங்கும் ஏக்கரில் நீ கங்கோங் கீரை விட்டாய். தண்ணீர் தேங்கத் தேங்க அது செழித்தது. ரோட்டிலிருந்து அவ்வளவு உள்ளே யாரும் ஆள் பிடிக்க வரவில்லை. நம் பெரியவள் ஒரு நாளும் பசியோடு படுக்கவில்லை.

ஜப்பான்காரன் போனதும் அந்த நோட்டுகள் ரோட்டில் பறந்தன. பிள்ளைகள் பட்டம் ஒட்டினார்கள். நோட்டுக்கு வீட்டைக் கொடுத்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். கையால் எழுதிய தாளை வைத்திருந்தவர்கள் வருஷக்கணக்கில் அலைந்தார்கள். திரும்பி வந்த வெள்ளைக்காரனின் நில அலுவலகம் நம்மையும் கூப்பிட்டுக் கேட்டது. அப்பெக்கும் நாமும் ஒன்றாகப் போய் நின்றோம். இரண்டு கிராண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, போய்வாருங்கள் என்றார்கள்.

அந்த மாதத்தில்தான் வீராசாமியின் மனைவி நடந்தே வந்தாள். ஒரு டிரங்குப் பெட்டி நிறைய நோட்டு வீட்டில் கிடக்கிறது, அடுப்பில் உலை இல்லை என்றாள். குத்திக் காட்ட எனக்கு வாய் வரை வார்த்தை வந்துவிட்டது. நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். அவள் சாக்கில் கிழங்கை நிரப்பி, தலையில் தூக்கியும் விட்டாய். "அடுத்த வாரமும் வாங்க. இங்க வெளைஞ்சிகிட்டேதான் இருக்கும்" என்றாய். நாம் ஜெயித்துவிட்டோம் என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

ஜொகூர் பாரு அலுவலகத்தில் நடந்ததை வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்தேன். நிலம் யார் பெயருக்கு என்று குமாஸ்தா கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"என்னங்க இது, ஒங்கப்பா வீட்டக் குடுத்து வாங்கினது."

"எங்கப்பா வீட்ட நோட்டுக்குக் குடுத்திருப்பேன் நான். எடத்த வாங்கினது நீ."

குமாஸ்தா பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார். நீ எழுத்துக் கூட்டித் தமிழில் கையெழுத்துப் போட்டாய். முடிக்க நேரம் பிடித்தது. வெளியே படியில் இறங்கும்போது, "இனிமே கோவம் வந்தா ஒங்கள வெளிய அனுப்பிருவேன்" என்றாய். ஜப்பான்காரன் வந்த பிறகு நான் சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்ற காவலாளி திரும்பிப் பார்த்தான்.

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. கிராண்டில் பெயரை மாற்றிவிடலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் போன பிறகு உங்கள் இஷ்டம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். போன மாதம் செடெனாக்கில் நம் வாசலுக்கு நில அலுவலகத்துக் கடிதத்தோடு புதிய தபால்காரப் பையன் ஒருவன் வந்தான். உறையில் இருந்த உன் பெயரைத் திணறித் திணறி வாசித்து, "அம்மா இருக்காங்களா, ஐயா?" என்று கேட்டான்.

முதுகை நிமிர்த்தி நின்றுகொண்டேன்.

"குடுங்க தம்பி" என்றேன். "இது அவங்க எடந்தான்."